டோக்கன் இல்லாத சனிக்கிழமை

அத்தியாயம் 17

கில்ஹூலி வீட்டு அண்ணனும் தம்பியும் கடைசியாக வாய் திறந்து பேசிக்கொண்டது ஜனவரியில். இப்போது செப்டம்பர் தொடக்கம். இடைப்பட்ட எட்டு மாதமும் மணியடித்தே குடும்பம் நடத்திவிட்டார்கள்.

சென்ற வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு சுருக்கம். அயர்லாந்தில் ராஸ்காமன் பக்கத்தில் ஒரு பழைய வீடு. அதில் அறுபத்தாறு வயது மாலக்கி, அறுபத்திரண்டு வயது கோல்மன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மாலக்கி தச்சர். கோல்மன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடமாக அந்த வீட்டுக்குள் இருவரும் ஒரு குட்டி ரயில் பாதை கட்டி ஓட்டுகிறார்கள். முன்னறையில் கில்மோரன் ஸ்டேஷன், அது மாலக்கியின் ராஜ்யம். பின்னால் கோல்மனின் படுக்கையறையில் டெரிலே ஸ்டேஷன். நடுவே உள்ள நடைவழியில், தோள் உயரத்தில் ஒரு பலகை. அதன்மேல் ஒற்றைத் தண்டவாளம். ரயில் போய்வர இரண்டு பக்கச் சுவரிலும் ஆளுக்கொரு ஓட்டை.

ஒரு ஸ்டேஷனில் நிற்பவருக்கு மற்ற ஸ்டேஷன் தெரியாது. ஆகவே நிஜ ரயில்வேயில் செய்வதுபோல மணி வைத்திருந்தார்கள். இத்தனை தட்டு தட்டினால் 'ரயில் அனுப்பட்டுமா', இத்தனை தட்டினால் 'அனுப்பு', இத்தனைக்கு 'வந்து சேர்ந்தது'. சண்டை வந்த பிறகு அந்த மணியே போதும் என்று ஆகிவிட்டது.

சண்டை எதற்கு? நாலரை மில்லிமீட்டருக்கு.

அயர்லாந்தில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தடி மூன்று அங்குலம். இங்கிலாந்தைவிட அகலம். அதை ஓர் அடிக்கு நாலு மில்லிமீட்டர் என்று சுருக்கினால் இருபத்தொரு மில்லிமீட்டர் வரும். கடையில் கிடைக்கிற ரயில்களோ பதினாறரை மில்லிமீட்டர் தண்டவாளத்துக்குச் செய்தவை. அயர்லாந்து எஞ்சின், இங்கிலாந்துக்காரன் பழக்கத்துக்கு வைத்துக்கொண்ட அகலத்தில். பெரும்பாலானோர் கண்டுகொள்ளாமல் ஓட்டுகிறார்கள். மாலக்கியால் முடியாது. கோல்மன் ஆசையாக வாங்கிய ஆரஞ்சு கறுப்பு டீசல் எஞ்சினை, அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது பிரித்து, சக்கரங்களை இழுத்து அகலமாக்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த எஞ்சின் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஆடுகிறது. அன்றிலிருந்து பேச்சும் இல்லை.

இருவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவள் தங்கை டிம்ப்னா.

அவளிடம் ஒரு ரகசியமும் இருந்தது. கோல்மனின் இதயத்தில் மூன்று அடைப்புகள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். வியாழனன்று அவரைக் கால்வே ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனவள் அவள்தான். "அவன்கிட்ட மூச்சு விடக் கூடாது" என்று காரிலேயே சத்தியம் வாங்கிவிட்டார்.

அந்த ரகசியத்தோடும் ஒரு கூடை ஹாம் சாண்ட்விச்சோடும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு டிம்ப்னா வீட்டுக்குள் நுழைந்தாள். மூன்று மணிக்கு டப்ளின் குட்டி ரயில் சங்கத்திலிருந்து ஒருவர் வருகிறார். ரயில் பாதையைப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி டப்ளின் கொண்டுவந்து அக்டோபர் கண்காட்சியில் ஓட்ட அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். மாலக்கி இந்த நாளுக்காகப் பதினோரு வருடம் காத்திருந்தவர்.

அவர் முன்னறையில், மரப்பெட்டி ஒன்றின் முன்னால் முகம் வெளுத்து நின்றார்.

"ஒண்ணு குறையுது."

"என்ன குறையுது?"

"டோக்கன். பன்னிரண்டு இருக்கணும். இங்க ஆறு. நேத்து அவன் கோயிலுக்குப் போனப்ப அந்த அறையில போய் எண்ணினேன். அங்க அஞ்சு."

"அவனைக் கேக்கறதுதானே?"

"நீ கேளு."

"மாலக்கி, அவன் பதினாலு அடி தூரத்துல இருக்கான்."

"நீ கேளுன்னேன்."

ஒரு டோக்கன் போனால் என்ன என்று நமக்குத் தோன்றும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது மிக அழகான ஓர் ஏற்பாடு. ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. அதற்காக ஸ்டேஷனுக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள், இரண்டையும் இணைக்கும் மின்கம்பி. பெட்டிக்குள் விரல் நீளப் பித்தளைக் குச்சிகள், அவைதான் டோக்கன். ஏதாவது ஒரு பெட்டியிலிருந்து ஒரு டோக்கனை உருவினால் அந்த நொடியே இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். உருவிய டோக்கன் ஏதாவது ஒரு பெட்டிக்குத் திரும்பும்வரை அடுத்தது வராது. ஆக, வெளியே எப்போதும் ஒரே ஒரு டோக்கன். அது யாரிடம் இருக்கிறதோ அந்த ரயிலுக்குத்தான் பாதை.

பழைய எக்ஸ்சேஞ்ச் உதிரிகளை வைத்துக் கோல்மன் கட்டியது இது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பு செய்ததில்லை. இப்போதும் செய்யவில்லை. ஒரு டோக்கன் வெளியே இருந்தது, அது திரும்பவில்லை, ஆகவே இரண்டு பெட்டிகளும் கல் மாதிரி பூட்டிக் கிடந்தன.

டிம்ப்னா பின்னறைக்குப் போனாள். கோல்மன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, கண்ணாடி ஜன்னலோரம், சர்க்கரை பீட் கிழங்கு ஏற்றிய பதினாறு சரக்குப் பெட்டிகள் புறப்படத் தயாராக நின்றன. பீட் என்பது டிம்ப்னா சாயம் பூசி ஒட்டிய பறவைத் தீனி.

"தேடிட்டிருக்கேன்னு சொல்லு அவன்கிட்ட," என்றார் சத்தமாக, கதவைப் பார்த்து.

பிறகு குரலை இறக்கினார்.

"டிம்ப், அது கால்வேல இருக்கு."

"என்னது?"

"வியாழக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வண்டி விட்டுப் பாத்தேன். நீ வாசல்ல ஹாரன் அடிச்சே. பழக்கத்துல சட்டைப் பையில போட்டுட்டேன். அங்க போனதும் உடுப்பை மாத்தச் சொன்னாங்க..."

"இயேசு மரி சூசையே!"

"கத்தாதே!"

அந்த நேரம் பார்த்து அவள் கைப்பையில் போன் அடித்தது. கால்வே எண். கதவைச் சாத்திவிட்டு எடுத்தாள்.

"நான் இதய வார்டு நர்ஸ் ஜின்சி பேசறேன். கோல்மன் கில்ஹூலியோட தங்கச்சிதானே? அவர் இருந்த கட்டில் பக்கத்து அலமாரியில ஒரு பித்தளைக் குச்சி கிடைச்சுது. 'கில்மோரன் – டெரிலே'ன்னு எழுதியிருக்கு. ஏதாவது மருத்துவச் சாமானான்னு டாக்டர்கூடத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சரி, அந்த ஊர்ல விசாரிக்கலாம்னு தேடினா, அப்படி ஒரு ஊரே இல்லை."

"இல்லை," என்றாள் டிம்ப்னா. "அந்த ஊர் எங்கண்ணன் கட்டிலுக்கு மேல இருக்கு."

மறுமுனையில் சிரிப்பு. பிறகு ஜின்சி குரல் மாறியது.

"இன்னொரு விஷயம். அவர் படிவத்துல ஒரு வரி காலியா இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா ஆறு வாரம் கூட யாராவது இருக்கணும். அதே வீட்டுல, ராத்திரியும் பகலும். அந்தப் பேர் இல்லாம நாங்க தேதியை வச்சுக்க முடியாது. திங்கட்கிழமை மதியத்துக்குள்ள வரலைன்னா செவ்வாய்க்கிழமை இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். அடுத்தது எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

டிம்ப்னா போனை வைத்துவிட்டுச் சின்ன அண்ணனைப் பார்த்தாள்.

"அந்த வரியை ஏன் எழுதலை?"

"எழுத என்ன இருக்கு?"

"என் பேரை எழுது. எங்க வீட்டுக்கு வா."

"உங்க வீட்டுல மாடிப்படி. உன் மாமியார் வேற. நான் என் கட்டில்லதான் படுப்பேன்."

"அப்போ மாலக்கி பேரை எழுது."

"அவன் எனக்கு டீ போட்டுக் குடுத்தே எட்டு மாசம் ஆச்சு. மூணு அடைப்பு இருக்குன்னு போய் நிக்கணுமா அவன் முன்னாடி? நான் போகலைன்னா போறது. இத்தனை நாள் ஓடலையா?"

நெஞ்சை நீவிக்கொண்டிருந்த அவர் கையை டிம்ப்னா பார்த்தாள். தலையணையை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தாள்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. சாண்ட்விச்சை யாரும் தொடவில்லை. டிம்ப்னாவுக்கு ஒரு யோசனை வந்தது. எளிமையான யோசனை. பெட்டியின் பின்பலகையைத் திறந்து ஸ்க்ரூடிரைவரால் ஒரு கம்பியைத் தொட்டுவிட்டால் பூட்டு விடுபடும். கோல்மன் ஒருமுறை அவளுக்குக் காட்டியிருக்கிறார்.

"கோல்மன், அந்தக் கம்பியைத் தொட்டு விட்டுடேன்."

"கேக்கறதுக்கே ஒரு தைரியம் வேணும். அப்புறம் டோக்கன் எதுக்கு? ஆள் சாவான்!"

முன்னறைக்குப் போய் மாலக்கியிடம் அதையே கேட்டாள்.

"பைத்தியமா உனக்கு? அப்புறம் டோக்கன் எதுக்கு? ஆள் சாவான்!"

"அந்த ரயில்ல போறவங்க எல்லாம் அரை அங்குலம் பிளாஸ்டிக், மாலக்கி!"

"அதுக்காக?"

டிம்ப்னா நடைவழியில், இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில், நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உலகத்தில் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் இந்த ஒன்றில் மட்டும் வார்த்தை மாறாமல் ஒத்துப்போகிறார்கள்.

இரண்டேகாலுக்கு மாலக்கி கறுப்பட்டை போட்ட பழைய ரயில்வே விதிப் புத்தகத்தோடு வெளியே வந்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

"ஒரு வழி இருக்கு. பைலட்."

அதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கன் ஏற்பாடு கெட்டுப்போனால் ரயில்வே நின்றுவிடுவதில்லை. ஒரு மனிதரை நியமிப்பார்கள். அவர்தான் பைலட். கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொள்வார். அன்றைக்கு அவரே டோக்கன். அவர் கூட வராமல் எந்த ரயிலும் அந்தப் பாதையில் நுழையக் கூடாது. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது அல்லவா? ஆகவே இரண்டு ரயில்கள் மோத முடியாது. டோக்கனைக் கண்டுபிடித்தவர் புத்திசாலி என்றால் இதைக் கண்டுபிடித்தவர் இன்னும் ஒரு படி மேல்.

"யாரு பைலட்?" என்று கேட்டாள் டிம்ப்னா. கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாலக்கி ஏற்கெனவே சமையலறைத் துணியிலிருந்து ஒரு சிவப்புப் பட்டையைக் கத்தரித்து வைத்திருந்தார்.

"இதுக்கு ஒரு படிவம் இருக்கு. ரெண்டு ஸ்டேஷன்காரனும் கையெழுத்து போடணும். நீயும்."

முதல் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் மாலக்கி எழுதியது: 'டெரிலே சிக்னல்காரரின் அஜாக்கிரதை.'

டிம்ப்னா அதை எடுத்துக்கொண்டு போனாள். கோல்மன் படித்தார். குறுக்கே ஒரு கோடு போட்டார். அடியில், 'காரணத்தை எழுத வேண்டியவர் தவறு நிகழ்ந்த ஸ்டேஷன்காரர். விதியைப் படிக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

மாலக்கி விதியைப் படித்தார். அப்படித்தான் இருந்தது.

"சரி, புதுசா ஒண்ணு குடு அவனுக்கு. ஒழுங்கா நிரப்பச் சொல்லு. டோக்கன் எங்கன்னும் எழுதணும்."

"எங்கன்னு தெரியாட்டி?"

"தெரியாட்டி ஆரம்பிக்கவே முடியாது. யோசிச்சுப் பாரு. தொலைஞ்ச டோக்கன் எவனாவது ஒரு டிரைவர் கையில இருந்தா? நீ ஒரு பக்கம் பைலட்னு வருவே, அவன் எதிர்ப்பக்கம் டோக்கனோட வருவான். அது எங்க இருக்கு, பத்திரமா இருக்கான்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் பைலட்."

வாசலில் கார் நின்றது. டப்ளின்காரர் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். ஈட்டா ப்ரன்டி என்று பெயர். அறுபது வயதுப் பெண்மணி, மழைக்கோட்டு, கையில் நோட்டு. உள்ளே வந்ததும் டிம்ப்னாவின் கையில் இருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பைலட்டா? நிஜமாவா?"

"டோக்கன் ஒண்ணு போயிடுச்சுங்க," என்றார் மாலக்கி, தலை குனிந்து.

"நாற்பது வருஷமா எத்தனையோ பாதை பாத்திருக்கேன். டோக்கன் போனா எல்லாரும் பின்பலகையைத் திறந்து கம்பியைத் தொடுவாங்க. பைலட் போட்டு நான் பாத்ததே இல்லை. நீங்க நடத்துங்க. நான் நிக்கறேன்."

டிம்ப்னாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த வியாதி இவர்கள் இருவரோடு முடியவில்லை போலிருக்கிறது.

அவள் புதுப் படிவத்தைக் கோல்மனிடம் கொடுத்தாள். அவர் பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். பைலட் பெயர்: டிம்ப்னா லோஃப்டஸ். பிறகு பேனா நின்றது.

'டோக்கன் இப்போது இருக்கும் இடம்.'

"'தெரியாது'ன்னு எழுத முடியாது," என்றார் மெதுவாக.

"முடியாது."

"'வெளியூர்'னு எழுதலாம்."

"எழுது. அவன் திருப்பி அனுப்புவான். நான் மறுபடி நடப்பேன். அந்தம்மா நின்னுகிட்டிருக்காங்க, கோல்மன். என் காலும் நின்னுகிட்டிருக்கு."

முப்பத்தெட்டு வருடம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். பழுதான லைனை 'சரி' என்று ஒருநாளும் எழுதியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அவர் வாயால் பொய் சொல்லி அவள் கேட்டிருக்கிறாள்; எழுத்தில் பார்த்ததில்லை. டிம்ப்னா படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். சத்தியம் செய்தவள் அவள். படிவம் சத்தியம் செய்யவில்லை.

அவர் எழுதினார். சின்ன, நேரான எழுத்து. மடிக்காமல் கொடுத்தார்.

'கால்வே, ஆஸ்பத்திரி, இதய வார்டு, 11-ஆம் கட்டில் அலமாரி. நர்ஸ் வசம் பத்திரமாக உள்ளது. டெரிலே சிக்னல்காரர் ஆபரேஷனுக்கு முன் பரிசோதனைக்குச் சென்றபோது விட்டு வந்தது.'

நடைவழி பதினாலு அடிதான். டிம்ப்னாவுக்கு அது கால்வேக்குப் போகிற தூரமாக இருந்தது.

மாலக்கி படிவத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். படித்து முடித்த பிறகும் கண் காகிதத்திலேயே இருந்தது. ஈட்டா ப்ரன்டி ஸ்டேஷன் கூரையின் ஓடுகளைக் குனிந்து ரசித்துக்கொண்டிருந்தார்.

"எப்போ?" என்றார் மாலக்கி.

"செவ்வாய்க்கிழமை."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. நேரத்தைக் குறித்தார்: மூன்று மணி ஆறு நிமிடம். "வண்டியை விடச் சொல்லு," என்றார்.

பீட் வண்டி புறப்பட்டது. டிம்ப்னா பட்டையைக் கட்டிக்கொண்டு பலகையோரமாக அதன் கூடவே நடந்தாள். நாற்பது நொடி. பதினாறு பெட்டியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர் ஓட்டைக்குள் நுழைந்து கில்மோரனில் வெளிவந்தன. கடைசிப் பெட்டியின் பின்விளக்கை மாலக்கி குனிந்து பார்த்தார். பின்விளக்கு இருந்தால்தான் வண்டி முழுதாக வந்தது என்று அர்த்தம்; இல்லையென்றால் பாதிப் பெட்டிகள் வழியிலேயே கழன்று நிற்கின்றன. பார்த்துவிட்டு மணியைத் தட்டினார்.

அடுத்தது பயணிகள் வண்டி, எதிர்ப்பக்கம். டிம்ப்னா கூடவே நடந்தாள். அதற்கடுத்து சிமெண்ட் வண்டி. கால அட்டவணையில் ஒன்பது வண்டிகள். ஒன்பது முறை நடந்தாள். ஏழாவது நடையில் செருப்பைக் கழற்றிவிட்டாள். ஈட்டா ப்ரன்டி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குழந்தை ஊர்வலம் பார்ப்பதுபோல நடைவழிக் கோடியில் நின்றார்.

ஒன்பதாவது வண்டி கில்மோரனில் வந்து நின்றதும் மாலக்கி மணியைத் தட்டவில்லை. தன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தார். நடைவழியில் நடந்தார். பின்னறை வாசலில் போய் நின்றார்.

"உனக்கு என்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னா படிவம் வேணுமாடா?"

கோல்மன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீ என்ன டாக்டரா, உன்கிட்ட சொல்றதுக்கு?"

"ஒரே கூரைக்குக் கீழே இருக்கோம்!"

"என் எஞ்சினைப் பிரிக்கும்போது அது தெரியலையா?"

"எஞ்சினா இப்போ பேச்சு? நெஞ்சுல மூணு அடைப்பை வச்சுகிட்டு எஞ்சினாம் எஞ்சின்! ஏணி ஏறி வயர் இழுத்தியே போன வாரம்! நான் பாத்துட்டு சும்மா இருந்தேனே!"

"நீ எப்பவும் சும்மாத்தானே இருப்பே!"

"கத்தாதீங்க!" என்று கத்தினாள் டிம்ப்னா. "அவன் நெஞ்சுக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. மாலக்கி, ஆறு வாரம் இவனைப் பாத்துக்க இந்த வீட்டுல ஆள் வேணும். படிவத்துல பேர் கேக்கறாங்க. இவன் எழுதலை."

மாலக்கி திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"ஏன் எழுதலை?"

"உன்னைக் கேக்காம எப்படி எழுதறது?"

"என்னைக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா நீ பேசுவியா?"

பின்னால் ஒரு மெல்லிய தொண்டைக் கனைப்பு. ஈட்டா ப்ரன்டி.

"மன்னிக்கணும். நான் இருட்டறதுக்குள்ள கிளம்பணும். உங்க பாதையை நாங்க கூப்பிடறோம். அக்டோபர் கடைசி வாரம், மூணு நாள். வரிசையில அடுத்ததா கார்க் ஊர்க்காரங்க காத்திருக்காங்க, அதனால இன்னிக்கே எனக்குச் சரியா இல்லையான்னு தெரியணும்."

டிம்ப்னா மாலக்கியைப் பார்த்தாள். பதினோரு வருடம். அவர் தரையைப் பார்த்தார், பிறகு கோல்மனின் கையைப் பார்த்தார். அது இன்னமும் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"அக்டோபர்ல எங்களுக்கு ஆள் இல்லைங்க," என்றார்.

"யாரைக் கேட்டு சொல்றே?" என்றார் கோல்மன்.

"நீ படுத்துக் கிடப்பே. யாரைக் கேக்கணும்?"

"நான் ஆபரேஷனுக்கு ஒத்துகிட்டேன்னு யாரு சொன்னா? டப்ளின் போறோம்னு சொல்லு, கையெழுத்து போடறேன். இல்லைன்னா நான் எங்கயும் போகலை."

"நீ முதல்ல கையெழுத்து போடு. அப்புறம் டப்ளின்."

"நீ முதல்ல சொல்லு."

"நீ போடு!"

"ரெண்டும் ஒண்ணுதானேடா, மடையங்களா!" டிம்ப்னாவின் குரல் உடைந்துவிட்டது. "நீ போகணும்னு அவன் சொல்றான். அவன் போகணும்னு நீ சொல்றே. இதுக்கு என்ன சண்டை?"

"ஒரு சந்தேகம்," என்றார் ஈட்டா ப்ரன்டி. "இவர் வர முடியாதுன்னா டெரிலேயை யார் நடத்துவாங்க? சிக்னலுக்கும் பாதை மாத்தறதுக்கும் அங்க இருபத்திரண்டு நெம்புகோல் எண்ணினேன்."

மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"என்னைப் பாக்காதீங்க," என்றாள் டிம்ப்னா.

யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

"எனக்குப் பாதி நெம்புகோல் எதுக்குன்னே தெரியாது!"

"நான் சொல்லித்தரேன்," என்றார் கோல்மன். "படுத்துகிட்டே."

"நீ நல்லாத்தான் நடத்துவே," என்றார் மாலக்கி. "இன்னிக்கு ஒன்பது வண்டிக்கு நடந்தே. ஒரு தப்பு இல்லை." அவர் இதற்குமுன் அவளைப் பாராட்டியதாக அவளுக்கு நினைவே இல்லை. கோபம் இன்னும் கூடிற்று.

அவள் கையிலிருந்த சிவப்புப் பட்டையை அவிழ்த்துக் கட்டில்மேல் எறிந்தாள். போனை எடுத்து, கால்வே எண்ணை அழுத்தி, கோல்மனின் கையில் திணித்தாள்.

"இப்பவே. என் கண் முன்னாடி. பேரைச் சொல்லு. போறேன்னு சொல்லு. அப்புறம்தான் நெம்புகோல், டப்ளின், எல்லாம்."

போன் ஒலித்தது. நாலாவது மணிக்கு எடுத்தார்கள்.

"ஜின்சியா? கோல்மன் கில்ஹூலி பேசறேன்... ஆமாம்மா, குச்சிக்காரன்தான்... அந்தக் காலி வரி. எழுதிக்கோ." அவர் மாலக்கியின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி சொன்னார். "மாலக்கி கில்ஹூலி. அண்ணன். ஆறு வாரமும் வீட்டுலதான் இருப்பான்."

மாலக்கி தலையாட்டினார், ஜின்சிக்குத் தெரியும் என்பதுபோல.

டிம்ப்னா மூச்சை விட்டாள். அப்போதுதான் கோல்மனின் முகம் மாறுவதைக் கவனித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நிமிர்ந்தார்.

"முன்னாடி இருந்த ஆளுக்குக் காய்ச்சலாம். செவ்வாய்க்கிழமை இல்லை. நாளைக்குச் சாயந்திரம் நாலு மணிக்குள்ள வந்து படுக்கணுமாம். திங்கட்கிழமை காலையில முதல் ஆள் நான்தானாம்."

மூன்று நாள் தைரியத்தைத் தயாராக வைத்திருந்தவர். இப்போது கையில் இருந்தது ஒரு ராத்திரி.

அவர் டிம்ப்னாவைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தார்.

"லைன்ல இருக்கா," என்றார். "என்ன சொல்லட்டும்?"